தொண்ணூறு போதும்

மூச்சு விடுவதற்கும் மாப்பிள்ளைக்கு ஒரு மெஷின் தேவைப்படும் என்று கல்யாணத்தின்போதே தெரிந்திருந்தால், கட்டில் பீரோவோடு சேர்த்து அதையும் என் அப்பா சீராக வாங்கிக் கொடுத்திருப்பார். அப்படிப்பட்ட வெள்ளந்தி மனிதர் அவர். கடைசியில் அதை நானே வாங்க வேண்டியதாயிற்று. கட்டிலின் தலைமாட்டில், முன்பு டேபிள் ஃபேன் இருந்த இடத்தில், சக்கரங்களோடு அது நிற்கிறது. வெளிக்காற்றை இழுத்து ஆக்சிஜனைப் பிரித்து, ஒரு மெல்லிய குழாய் வழியாக அவர் மூக்குக்கு அனுப்புகிறது. நாள் முழுக்க உஸ் உஸ்ஸென்று சத்தம் வேறு. முதல் வாரம் எனக்குத் தூக்கமே வரவில்லை. இப்போதெல்லாம் கரண்ட் போய் அந்தச் சத்தம் நின்றால்தான் விழிப்பு வருகிறது.

என் வீட்டுக்காரர் கீழ்பென்னாத்தூர் பக்கம் மல்லாட்டை உடைக்கிற மில்லில் மேஸ்திரியாக இருந்தவர். நிலக்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். தோல் உடைபடும்போது எழும்புகிற தூசி மில்லுக்குள் மேகம்போல் நிற்கும். பகலெல்லாம் அந்தத் தூசியை இழுப்பார். அது போதாதென்று பீடியையும் இழுப்பார். நான் பள்ளிக்கூட வாத்தியாரம்மா. வகுப்பில் ஒரு பார்வை பார்த்தால் போதும், கடைசி பெஞ்சு வரை அடங்கிவிடும். அந்தப் பார்வை இவரிடம் மட்டும் ஒருநாளும் பலித்ததில்லை. மில்லை மூடிய பிறகு அடி அண்ணாமலையில், என் பள்ளிக்கூடத்துக்கு அருகில் வீடு கட்டிக்கொண்டு வந்தோம். பிள்ளைகள் வெளியூரில் வேலைக்குப் போய்விட்டார்கள். இனி நிம்மதியாகச் சண்டை போட்டுக்கொண்டு காலம் தள்ளலாம் என்று நினைத்தபோதுதான் அவருடைய நுரையீரல் முந்திக்கொண்டது.

அடுத்து என் நாத்தனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் இவருக்கு ஒரே தங்கை, ரொம்பவே இளையவள். அவள் சின்னக் குழந்தையாக இருந்தபோதே அம்மா போய்விட்டாள். தலை சீவி, கோணல்மாணலாக இரட்டைப் பின்னல் போட்டு, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது இவர்தான். இப்போது அவளுக்கே மருமகள் வந்துவிட்டாள். இவருக்கு இன்னும் அவள் 'பாப்பா'.

பாப்பாவுக்குப் பரிமாறத் தெரியும், நிறுத்தத் தெரியாது. அவர்கள் குடும்பத்திலேயே 'போதும்' என்றால் 'இன்னும் கொஞ்சம் வை' என்றுதான் அர்த்தம். இலைக்கு மேல் கையை நீட்டி இவர் மறைப்பார், அவள் அந்தக் கையின் மேலேயே ரசத்தை ஊற்றுவாள். கை சுட்டாலும் இவர் சிரிப்பார். நான் ஊற்றியிருந்தால் வீடு ரெண்டாகியிருக்கும்.

போன மார்கழிப் பனியில் இவருக்குச் சளி பிடித்தது. ஒரு காலையில் அவரால் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியவில்லை. கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தோளெல்லாம் ஏறி இறங்க, ஒவ்வொரு மூச்சையும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். உதடு நாவல்பழம் தின்ற மாதிரி ஆகிவிட்டது. பொங்கலுக்கு முறுக்கு சுட்டுக் கொடுக்க வந்திருந்த பாப்பா, முறுக்கு அச்சோடு அப்படியே நின்றுவிட்டாள். நான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

ஆம்புலன்ஸில் வந்த பெண் அவர் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, உடனே முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க்கை வைத்தாள். வண்டி செங்கம் ரோட்டில், வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்து காபி குடிக்கிற கடைகளைத் தாண்டுவதற்குள் அவர் உதட்டில் நிறம் திரும்பியது. அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்த பாப்பா அதைக் கண்ணெதிரே பார்த்தாள். ஆக்சிமீட்டரில் எண் ஏறியதும் அந்தப் பெண் ஆக்சிஜன் திருகைக் குறைத்ததை நாங்கள் இருவருமே பார்த்தோம். ஏன் என்றுதான் கேட்கவில்லை.

"அந்தக் காத்து இருக்குதே அண்ணி, அது சாமி" என்றாள் பாப்பா, ஆஸ்பத்திரி வாசலில் கண்ணைத் துடைத்துக்கொண்டு. எனக்கும் அப்போது அப்படித்தான் இருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டரம்மா எங்களை உட்காரவைத்துத் தெளிவாகச் சொன்னார். வீட்டிலும் ஆக்சிஜன் வேண்டும். மெஷினில் திருகு இரண்டில் இருக்கட்டும். ஆக்சிமீட்டரில் எண்பத்தெட்டிலிருந்து தொண்ணூற்றிரண்டுக்குள் காட்டினால் சரி. பக்கத்தில் விளக்கு, கற்பூரம், ஊதுவத்தி எதுவும் கூடாது. பீடி என்ற சொல்லை அவர் சொல்லவே இல்லை, என் வீட்டுக்காரரை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வை பலித்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது.

"ஏம்மா, நூறு வராதுங்களா?" என்று கேட்டாள் பாப்பா.

"இவருக்குத் தொண்ணூறு போதும்மா. அதுக்கு மேல வேணாம்."

இந்தத் 'தொண்ணூறு போதும்' என்ற பேச்சு பாப்பாவின் மனதில் இறங்கவே இல்லை. கொரோனா காலத்தில் ஊரே ஆக்சிமீட்டர் வாங்கியது. உப்புப் புளி வாங்குகிற கடையில்கூட அதைப் பற்றித்தான் பேச்சு. தொண்ணூற்றைந்துக்குக் கீழே போனால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அப்படியிருக்க, தன் அண்ணனுக்கு மட்டும் தொண்ணூறு போதும் என்றால் என்ன நியாயம்? எல்லாருக்கும் தலைவாழை இலை போட்டுவிட்டு அண்ணனுக்கு மட்டும் கையில் ரெண்டு இட்லியைக் கொடுத்த மாதிரி அவளுக்கு வலித்தது.

எனக்கு லீவு தீர்ந்துபோனதால், பகலில் அண்ணனைப் பார்த்துக்கொள்ள அவளே கீழ்பென்னாத்தூரிலிருந்து பையோடு வந்து தங்கினாள். நான் சாமி விளக்கைப் பின்கட்டுக்கு மாற்றினேன். திருகைக் காட்டினேன், எண்ணைச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் "சரிங்கண்ணி, சரிங்கண்ணி" என்று தலையாட்டினாள்.

அன்று பௌர்ணமி. மத்தியானம் பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது போனில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழு சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரரின் விரல், அதில் ஆக்சிமீட்டர், அதில் தொண்ணூற்றெட்டு. பாப்பா போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாள். கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள், பூங்கொத்துகள், கைகூப்பல்கள். பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பிள்ளைக்குக்கூட எங்கள் குடும்பத்தில் இவ்வளவு வாழ்த்து வந்ததில்லை. உடம்பு தானாகவே தேறிவிட்டது என்று நினைத்து நானும் ஒரு பூங்கொத்தைப் போட்டுவிட்டுச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும்போது கிரிவலம் போகிறவர்களின் கூட்டம் கூட ஆரம்பித்திருந்தது. வாசலிலேயே பாப்பா உதட்டில் விரலை வைத்து என்னை நிறுத்தினாள்.

"மெதுவா வாங்க அண்ணி. அண்ணன் தூங்கறாரு. எத்தினி நாள் ஆச்சி இப்பிடித் தூங்கி!"

அவர் முகத்தில் நல்ல சிவப்பு ஏறியிருந்தது. நெற்றியில் வியர்வை. கையைத் தொட்டால் கதகதவென்றிருந்தது. காபியைக் கலந்து எடுத்துக்கொண்டு போய் எழுப்பினேன்.

"இன்னாங்க, காபி."

கண்ணைத் திறந்தார், மூடிக்கொண்டார். மறுபடி உலுக்கினேன். "மில்லு... பூட்டிட்டாங்களா?" என்றார், நாக்கு தடித்தவர்போல. எப்போதோ மூடிய மில். காபி என்றாலே சர்க்கரை கம்மி என்று குறை சொல்லிக்கொண்டு எழுகிறவர், டம்ளரை வாங்க நீட்டிய கை படபடவென்று ஆட, அதை அப்படியே கீழே விட்டுவிட்டார்.

ஆக்சிமீட்டர் தொண்ணூற்றெட்டு என்றது. என்னைக் கதிகலங்க வைத்தது அந்த எண்தான். எண் நன்றாக இருந்தது, மனிதர் நன்றாக இல்லை. அப்போதுதான் மெஷினைப் பார்த்தேன். கண்ணாடிக் குழாய்க்குள் மிதக்கிற சின்ன மணி, இரண்டில் நிற்க வேண்டியது, ஐந்தில் நின்றுகொண்டிருந்தது. அந்த மெஷினால் அதற்கு மேல் கொடுக்க முடியாது.

"யாரு ஏத்துனது?"

"நான்தான் அண்ணி" என்றாள் பாப்பா, பெருமையாக. "பக்கத்து வீட்டம்மா பாத்துட்டு, இன்னா தொண்ணூறுதான் காட்டுதுன்னு கேட்டாங்க. கொஞ்சம் ஜாஸ்தி வெச்சேன். கிடுகிடுன்னு ஏறிடுச்சி. நிம்மதியா தூங்கறாரு பாருங்க."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத மாட்டேன், வாத்தியார் வேலைக்கு மரியாதை இருக்கிறது. திருகை டாக்டரம்மா சொன்ன இரண்டுக்கே கொண்டுவந்துவிட்டு ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன்.

பௌர்ணமி தோறும் இந்தக் கூட்டத்தைத் திட்டுகிறவள் நான். பால் வாங்கப் போக முடியாது, வண்டி எடுக்க முடியாது, வாசலெல்லாம் தண்ணீர் பாட்டில். அன்றைக்கு அந்தக் கூட்டம்தான் எங்களைக் காப்பாற்றியது. நடக்கிறவர்களுக்காகப் பாதையோரத்தில் நிறுத்தியிருந்த ஆம்புலன்ஸ், போனை வைப்பதற்குள் வந்த மாதிரி வந்துவிட்டது. இந்த முறை வந்தவர் ஒரு தம்பி. என் வீட்டுக்காரரிடம் பேர் கேட்டார். பதில் இல்லை. பழைய ஆஸ்பத்திரிச் சீட்டை நீட்டினேன். மெஷினில் என்ன அளவு இருந்தது என்று கேட்டுக்கொண்டார்.

"மொத்தமா எடுத்துடுங்க தம்பி, அந்தக் காத்தே வேணாம்!" என்று அழுதாள் பாப்பா. சாமி என்று கும்பிட்ட காற்று அதற்குள் அவளுக்குப் பேயாகிவிட்டது.

"மொத்தமா எடுக்கக் கூடாதும்மா. அதுவும் ஆபத்து. அளவா குடுக்கணும்" என்றார் அவர், கண்ணை ஆக்சிமீட்டரிலிருந்து எடுக்காமல்.

வெறுங்காலோடு நடந்தவர்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழி விட்டார்கள். சிலர் வண்டியைப் பார்த்துக் கும்பிட்டார்கள். உள்ளே நான் அவர் கன்னத்தைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டுக்கொண்டே போனேன். முப்பது வருஷமாக வாயை மூடுங்கள் என்று சொன்ன மனிதரிடம், ஒரு வார்த்தை பேசுங்கள், ஒரே ஒரு வார்த்தை பேசுங்கள் என்று கெஞ்சினேன்.

ஆஸ்பத்திரியில் மணிக்கட்டில் ஊசி போட்டு ரத்தம் எடுத்தார்கள். முகத்தில் இறுக்கமாக ஒரு மாஸ்க்கைக் கட்டி, காற்றைத் தள்ளித் தள்ளிக் கொடுக்கிற இன்னொரு மெஷினை மாட்டினார்கள். அதே டாக்டரம்மா வெளியே வந்தார். அவர் சொன்னது எனக்குப் புரிந்த அளவில் இதுதான்: இவருடைய நுரையீரலால் கெட்ட காற்றை முழுதாக வெளியே தள்ள முடியாது. குறைவான ஆக்சிஜனுக்கே இவர் உடம்பு பழகியிருக்கிறது. அதற்கு மேல் கொட்டினால் கெட்ட காற்று ரத்தத்தில் தேங்கிக்கொண்டே போகும், மூளையை மயக்கும். அது தூக்கம்போலத் தெரியும். விட்டால் மூச்சே நின்றுவிடும். ஆக்சிமீட்டரோ கெட்ட காற்றைக் காட்டாது, அது பாட்டுக்கு நல்ல எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும்.

"ஆக்சிஜனும் மருந்துதாங்க. யாரு ஜாஸ்தி பண்ணது?"

எனக்கு நாக்கு துடித்தது. அதற்குள் பாப்பாவே முன்னால் வந்தாள். "நான்தாம்மா. நான்தான் எங்கண்ணன..." என்றாள்.

டாக்டரம்மா அவள் தோளைத் தொட்டார். "நல்லதுன்னு நெனச்சிதான் செஞ்சீங்க. நேரத்துக்குக் கூட்டினு வந்துட்டீங்க, பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். எனக்குத்தான் மனம் அப்படி இளகவில்லை. கோபமே இல்லை என்று எழுதினால் அது பொய். அவளை நான் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் மாஸ்க்கைக் கொஞ்ச நேரம் கழற்றி இட்லி கொடுக்கச் சொன்னார்கள். ஒரு விள்ளலை வாயில் வைத்தார், மென்றார், என்னைப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரி சட்னி... இதுக்கு நீ வைக்கறதே... பரவால்ல."

நான் வராந்தாவுக்கு ஓடிப் போய், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, அதன் சத்தத்தில் அழுதேன். என் சட்னிக்கு அதைவிட நல்ல பாராட்டு இனி யாரும் கொடுக்கப் போவதில்லை.

பாப்பாவைத் தேடினால் ஆள் இல்லை. அண்ணன் கண் விழித்துவிட்டார் என்று நர்ஸிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, பார்க்காமலேயே பஸ் ஏறிவிட்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகும் அவள் வரவில்லை. சம்பளம் போனால் போகட்டும் என்று நான் லீவுக்கு மேல் லீவு போட்டேன். சம்பளத்துக்கு ஒருத்தரை வைக்கலாமா என்று கேட்டால் இவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். சாப்பாடும் சரியாக இறங்கவில்லை. ஒருநாள் போனை எடுத்துத் தங்கைக்கு அவரே போட்டார். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"பாப்பா... வா."

"நான் வர்லண்ணா. நான் வந்தா ஒனக்கு ஆபத்து."

"நீ வராட்டி... ஒங்க அண்ணிகிட்ட... தனியா மாட்டினு கீறேன். அதவிட... ஆபத்தா?"

மூச்சு வாங்குகிற மனிதருக்கு இதைச் சொல்ல மட்டும் காற்று எங்கிருந்துதான் வருகிறதோ! அந்தப் பக்கம் அழுகையும் சிரிப்பும் ஒன்றாகக் கேட்டது. மறுநாள் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

நான் என் பங்குக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு டேப்பைக் கொண்டுவந்து, அந்தத் திருகின் மேல் நான்கு சுற்று சுற்றி ஒட்டினேன். பாப்பா பார்த்துக்கொண்டிருந்தாள். இவர்தான் எழுந்து உட்கார்ந்து, நகத்தால் சுரண்டிச் சுரண்டி அதைப் பிய்த்தெடுத்தார். மூச்சு வாங்க வாங்கப் பிய்த்தார்.

"அவ... என் தங்கச்சி" என்றார். "திருடி இல்ல."

டாக்டரம்மா புதிதாகச் சொல்லியனுப்பியதை மட்டும் பாப்பாவுக்குத் திரும்பச் சொன்னேன். எண்பத்தெட்டுக்குக் குறையாமல் இருக்கிறதா பார். அவரைப் பேசவைத்துப் பார். உளறினாலோ, எழுப்ப எழுப்பத் தூங்கினாலோ உடனே கூப்பிடு. நம்பர் குறைந்தாலும் என்னைத்தான் கூப்பிட வேண்டும், திருகைத் தொடக்கூடாது.

பள்ளிக்கூடத்துக்குப் போனேனே தவிர, பாடம் நடத்தியதாக நினைவில்லை. கரும்பலகையில் எதையோ எழுதி அதையே இரண்டு தரம் அழித்தேன். மத்தியானம் பர்மிஷன் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

கதவு திறந்தே கிடந்தது. இவர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார். விரலில் ஆக்சிமீட்டர். எண்பத்தெட்டு. எண்பத்தொன்பது. மறுபடி எண்பத்தெட்டு. மெஷினின் கண்ணாடிக் குழாயில் அந்தச் சின்ன மணி இரண்டில் அசையாமல் நின்றது. மெஷினுக்குப் பக்கத்தில், திருகு எட்டும் தூரத்தில், பாப்பா பாயில் உட்கார்ந்திருந்தாள். தொடைகளுக்கு அடியில் இரண்டு கைகளையும் சொருகி வைத்திருந்தாள். கண்ணீர் தாடை வரை வழிந்திருந்தது. துடைத்துக்கொள்ளக்கூடக் கையை எடுக்கவில்லை.

"இன்னா பண்ற?" என்றேன்.

"எண்பத்தெட்டுதான் காட்டுது அண்ணி. இருமல் வேற. பேச வெச்சிப் பாத்தேன், நல்லாத்தான் பேசறாரு, என்னையே கிண்டல் பண்றாரு. இருந்தாலும் கை நிக்க மாட்டேங்குது அண்ணி. அதுவா அங்க போவுது. அதான் கை மேலயே ஒக்காந்துக்கினேன்."

"காலைலேர்ந்து... இப்பிடியே... ஒக்காந்துனு கீறா" என்றார் இவர், சிரிக்கப் பார்த்து இருமிக்கொண்டே.

அவள் மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. கொடுப்பதற்கென்றே பிறந்தவள் அவள். கண்ணெதிரே அண்ணன் மூச்சுக்கு இழுக்கிறான், கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் காற்று இருக்கிறது, கொடுக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். எத்தனையோ வருஷம் கட்டிக் குடும்பம் நடத்திய நான்கூட அந்த மனிதருக்காக இவ்வளவு கஷ்டமான காரியத்தைச் செய்ததில்லை என்று அந்த நிமிஷம் தோன்றியது.

"எந்திரி, நான்தான் வந்துட்டேன் இல்ல" என்றேன்.

"நீங்க மொதல்ல இப்பிடி நடுவுல வந்து ஒக்காருங்க அண்ணி. அப்பறம் எந்திரிக்கிறேன்."

அவளுக்கும் மெஷினுக்கும் நடுவே போய் உட்கார்ந்தேன். அதன் பிறகுதான் அவள் கைகளை வெளியே இழுத்தாள். மரத்துப்போயிருந்தன, விரலை மடக்க முடியவில்லை. இரண்டு உள்ளங்கையிலும் கோரைப்பாய் வரி வரியாக, சிவப்பாக அச்சுப் பதிந்திருந்தது. அவற்றை எடுத்து என் மடியில் வைத்துத் தேய்த்துவிட்டேன்.